புளி போட்டுத் தேய்த்த பெயர்

சேகர்,

முதலில் பிள்ளைகள் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் எனக்கு வேறு எதுவும் வாயில் வராது என்று உனக்கே தெரியும். உன் அக்கா மகள் காவ்யா செல்போன் கம்பெனியில் லைன் லீடர் ஆகிவிட்டாள். போன மாதம் வரைக்கும் கழுத்தில் அடையாள அட்டையின் நீலக் கயிறு மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறியவள், இப்போது சிவப்புக் கயிறு மாட்டிக்கொண்டு ஏறுகிறாள். நாற்பது பெண்கள் அவள் கைக்குக் கீழே. தென்காசி, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கிற பிள்ளைகள். அவளைவிட மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்களாம். செல்போனின் முதுகில் முடி அளவு கீறல் இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அவள் தம்பி தினேஷ் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் முடித்துவிட்டான், ஒரு அரியர் கூட இல்லை. அவன் பெஞ்சில் அரியர் இல்லாதவன் அவன் ஒருவன்தான் என்று அவனே மூன்று முறை சொன்னான், நான் முப்பது பேரிடம் சொன்னேன். வாலாஜாபாத்தில் உன் மாமியார் வீட்டில் இருக்கிற உன் மகள் ஓவியா சதுரங்கத்தில் இரண்டாவது பரிசு வாங்கியிருக்கிறாள். கோப்பை அவள் இடுப்பு உயரம் இருக்கிறது. "மூணாவது ஆட்டத்துல தோத்த பையன் அழுதுட்டான் ஆயா, நான் இன்னா பண்றது?" என்று போனில் கேட்டாள். ஒன்றும் பண்ணாதே, அடுத்த ஆட்டத்தைப் பார் என்றேன்.

ஸ்ரீபெரும்புதூர் போகிற ஷேர் ஆட்டோவில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "போன வாரமே சொல்லிட்டியேம்மா" என்றாள். "சொன்னா இன்னா? இந்த வாரமும் அவதான லைன் லீடரு?" என்றேன். டிரைவர் சிரித்துவிட்டான். இப்படிப் பெருமை பேச எனக்கு வாய் இருக்கிறது. ஆனால் உன்னிடம் சொல்ல வேண்டிய ஒரு விஷயத்தை மூன்று வருடமாக இந்த வாய் சொல்லவில்லை. அதைத்தான் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள், எழுத்துப் பிழை இருந்தால் காவ்யா திருத்துவாள். எழுதி முடித்ததும் இதை எல்லோரும் படிக்கிற இடத்தில் போடச் சொல்லி அவளிடம் கொடுக்கப் போகிறேன். உன் அப்பா நாலு பேர் நடுவில் ஏமாளி ஆனார். அதற்கு நான் உன் காதில் மட்டும் ரகசியமாகப் பதில் சொன்னால் கணக்குத் தீராது.

போன மாதம் நீ மஸ்கட்டிலிருந்து போன் செய்து, "லேத்த இரும்புக்குப் போட்டுடும்மா, ஷெட்ட காலி பண்ணி யாருக்காவது வுட்டுடலாம்" என்றாய். நான் சரி என்றேன். உன் மேல் தப்பில்லை. உன் அப்பா பட்டறையில் மூன்று வருடமாக ஓடாத லேத். அதைச் சுற்றி எலி குட்டி போடுகிறது. புதன்கிழமை இரும்புக்கடைக்காரர் ஆட்களோடு வந்தார். ஜாக்கி, கடப்பாரை, உருட்டுகிற குழாய்கள் எல்லாம் கொண்டுவந்து, தரையில் இறுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றி, லேத்தை வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். வாசலுக்கு வெளியே போகவில்லை. லேத்தை வைத்த பிறகுதான் முன்பக்கச் சுவரையும் ஷட்டரையும் உன் அப்பா கட்டினார்; அவர் காலத்தில் அது வெளியே போகும் என்று யார் நினைத்தது? "முழுசா வராதும்மா. செவ்வாக்கெழமை கேஸ் கட்டரு கொண்டாந்து துண்டு போட்டு எடுத்துக்கினு போறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். லேத் இப்போது ஷெட்டின் நடுவில் கோணலாக நிற்கிறது. முப்பத்தைந்து வருடமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அதன் வால்பக்கம் முதல்முறையாக வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது. அங்கே நான் பார்த்ததைச் சொல்வதற்கு முன்னால் பழைய கதை கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அந்த லேத் நம் வீட்டுக்கு வந்தபோது உன் அக்கா என் இடுப்பில், நீ வயிற்றில். அம்பத்தூர் பக்கம் மூடிப்போன ஒரு கம்பெனியில் ஏலத்தில் எடுத்து, லாரியில் ஏற்றி, உன் அப்பா அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு வந்தார். அப்போது இந்தப் பக்கம் பெரிய கம்பெனி எதுவும் கிடையாது. டிராக்டருக்கும் பம்பு செட்டுக்கும் புஷ் போடுவதற்குக் கூட ஆட்கள் காஞ்சிபுரம் ஓட வேண்டும். பச்சைப் பெயின்ட் அடித்த பெரிய உடம்பு. தலைப்பக்கத்தில், என் உள்ளங்கை இரண்டு சேர்ந்த அளவில், ஒரு பித்தளைத் தகடு. அதில் கறுப்பு மை நிரப்பின எழுத்து. மேலே இரண்டு வரி பெரிய எழுத்து, நடுவில் ஒரு வட்டம், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஊர் பெயர், எண் எல்லாம் இருந்தது. உன் அப்பா விரலை வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்துக் காட்டினார். "சீமையில செஞ்சதுடி. கப்பல்ல வந்தது. படிச்சுப் பாத்துட்டுத்தான் ஏலத்துல கை தூக்குனேன்" என்றார். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. அவர் சொன்ன பெயரும் என் நாக்கில் நிற்கவில்லை. அன்றிலிருந்து நாங்கள் அதைப் 'பெரிசு' என்றுதான் கூப்பிட்டோம். நீயும் பெரிசு என்றுதான் சொல்லி வளர்ந்தாய்.

ஆயுத பூஜை வந்தால் மிஷின் துடைப்பது ஆண்கள் வேலை, பித்தளை துலக்குவது என் வேலை. அது யாரும் வகுத்துக் கொடுத்ததில்லை, அப்படித்தான் நடந்தது. குத்துவிளக்கு, மணி, தட்டு எல்லாவற்றையும் புளி போட்டு ஊறவைத்து, செங்கல் தூள் தொட்டுத் தேய்ப்பேன். அதே கையோடு ஷெட்டுக்குப் போய் அந்தத் தகட்டையும் தேய்ப்பேன். வருடம் முழுக்க எண்ணெயும் இரும்புத் தூளும் ஏறி அது கறுத்துக் கிடக்கும். ஒரு மணி நேரம் விடாமல் தேய்த்தால் தங்கம் மாதிரி வரும். பிறகு நாலு மூலையிலும் சந்தனம், நடுவில் குங்குமம். உன் அப்பா வந்து பார்த்து, "லேத்துக்கு மூக்குத்தி போட்ட மாதிரி கீதுடி" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பேன். கறுப்பு மை போனது எந்த வருடம் என்று எனக்குத் தெரியாது. எழுத்தின் பள்ளம் மட்டமானது எந்த வருடம் என்றும் தெரியாது. உனக்கு இங்கிலீஷ் எழுத்து கூட்டத் தெரிந்தபோது அதில் இரண்டு மூன்று எழுத்தின் கால்தான் மிச்சம் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். ஆனால் எனக்குப் படிக்கத் தெரியாத ஒன்று போனால், போனது மாதிரியே தெரியவில்லை. பளபளப்பு வந்ததுதான் தெரிந்தது.

அப்புறம் நீ ஐ.டி.ஐ. முடித்து அப்பாவோடு நின்றாய். ஒரகடம் வரைக்கும் கம்பெனிகள் வந்தன. அங்கே இருக்கிற மிஷின்கள் கம்ப்யூட்டர் சொல்கிற மாதிரி வெட்டுமாம். இருந்தாலும் அவர்களுடைய தள்ளுவண்டிக்கும் ரோலருக்கும் அவசரத்துக்கு ஒரு ஷாஃப்ட் வேண்டுமென்றால் நம்மிடம்தான் வந்தார்கள். பெரிசு ஓடிக்கொண்டேதான் இருந்தது. மரை வெட்டுகிற கியர் உடைகிற வரைக்கும். மூன்று துண்டாக உடைந்து, ஒரு துண்டு உள்ளே சிக்கி நசுங்கிப்போனது. எத்தனை பல் என்று எண்ணக் கூட முடியவில்லை. கியர் வெட்டுகிறவர் குத்துமதிப்பாக ஒன்று வெட்டித் தந்தார்; மாட்டினால் மரை தப்பும் தவறுமாக வந்தது. "எந்த கம்பெனி லேத்து, எந்த மாடல்னு கண்டுபுடிச்சுக்கினு வா. கணக்குப் பாத்து வெட்டித் தரேன்" என்று சொல்லிவிட்டார். அங்கேதான் ஆரம்பித்தது.

நீ செல்போனில் தேட ஆரம்பித்தாய். ஒரு வாரமா, ஒரு மாதமா? சாப்பாட்டுத் தட்டில் ஒரு கை, போனில் ஒரு கை. பழைய லேத் வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்க ஒரு குழுவாக இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துச் சேர்ந்தாய். "வெள்ளக்காரன் ஒருத்தன் வூட்டுல கார் நிறுத்துற எடத்துல லேத்து வச்சுக்கினு கீறாம்மா" என்றாய். "இன்னாத்துக்கு? ஜாப் வொர்க்கு பண்றானா?" என்றேன். "சும்மா, பொழுதுபோக்குக்கு" என்றாய். "லேத்தா?" என்று நான் கேட்டதற்கு உன் அப்பா கூடச் சிரித்தார். நீ அந்தக் குழுவில் போட்ட படம் ஆயுத பூஜை அன்றைக்கு எடுத்தது. லேத்துக்கு மாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று, சக்கரத்தில் எலுமிச்சம்பழம், ஓரத்தில் தோளில் துண்டோடு உன் அப்பா. வேறு நல்ல படம் இல்லை. காவ்யாதான் எனக்குப் பதில்களைத் தமிழில் படித்துக் காட்டுவாள். ஒருவன், மிஷினுக்குக் கல்யாணமா என்று கேட்டிருந்தான். ஒருவன், பூவை எடுத்துவிட்டுப் படம் போடு என்றான். ஒரு பெரியவர், பெயர்த் தகட்டைக் காட்டு என்றார். நீ தகட்டைப் படம் பிடித்தாய். அதில் உன் போனும் உன் கையும் கூரை ஓடும்தான் தெரிந்தன.

நானும் தேடினேன், அது உனக்குத் தெரியாது. காவ்யா போனில் மைக்கை அமுக்கி, "பச்ச கலரு, பெரிய லேத்து, சீமையில செஞ்சது, கியரு வேணும்" என்று பேசினேன். புது லேத் விற்கிறவர்கள் வரிசையாக வந்தார்கள். அதற்கப்புறம் ஒரு மாதம், அவள் சமையல் வீடியோ பார்த்தாலும் நடுவில் லேத் விளம்பரம் வந்தது. "ஆயா, இன்னா பண்ணி வச்ச என் போன?" என்று கத்தினாள். பேர் தெரியாத ஒன்றை அந்த டப்பாவில் தேட முடியாது. பேர் தெரிந்தால் உலகத்தையே கொண்டுவந்து கொட்டுகிறது, தெரியாவிட்டால் விற்கிற சாமானைக் காட்டுகிறது. அந்தப் பேரைத் தேய்த்த கைதான் மைக்கை அமுக்கிக்கொண்டு இருந்தது. அப்போதாவது உன்னிடம் சொல்லியிருக்கலாம்.

உன் அப்பாவுக்குப் பெயர் தெரியாதா என்று யாராவது கேட்பார்கள். அதற்கு முந்தின வருடம்தான் அவருக்கு வாயும் கையும் ஒரு பக்கமாக இழுத்தது. கை சரியாகிவிட்டது, பேர்கள் திரும்பவில்லை. உன்னை உன் அக்கா பேர் சொல்லி மல்லிகா என்பார், காவ்யாவை "அது... அது..." என்பார், உப்பு வேண்டுமென்றால் கையைக் காட்டுவார். ஏலத்துக் காகிதங்கள் பெருமழையில் ஷெட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நின்றபோதே கூழாகிவிட்டன. லேத்தின் பெயர் இருந்த இடங்கள் மூன்று. காகிதம் தண்ணீரில் போயிற்று, அவர் ஞாபகம் நோயில் போயிற்று. தகட்டில் இருந்ததுதான் கடைசி. அது என் கையில் போயிற்று.

அந்தப் பெரியவர் இன்னொன்றும் எழுதியிருந்தார். லேத்தின் வால்பக்கம், அதன் நீளமான இரும்புப் படுக்கையின் முனையில், எண் குத்தியிருப்பார்கள், அதைப் பார் என்று. நம் லேத்தின் வால்பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. நீ கையை உள்ளே விட்டுப் படம் எடுத்தாய். பெயின்டும் குங்குமமும் கட்டி கட்டியாகத் தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. நகர்த்திப் பார்க்கலாம் என்றாய். உன் அப்பா முடியவே முடியாது என்று லேத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். "நவுத்துனா லெவலு பூடும். லெவலு பூட்டா அப்புறம் அது லேத்தே இல்ல" என்றார். பேர் எல்லாம் மறந்தவர் அதை மட்டும் பிசிறில்லாமல் சொன்னார். நீ அதைப் பயம் என்று நினைத்தாய். அங்கே எண் எதுவும் இல்லை என்று தெரிந்துவிடும், அதனால்தான் மறிக்கிறார் என்று நினைத்தாய். அந்தச் சமயம் பார்த்து அந்தக் குழுவில் ஒருவன் ரொம்பத் தெரிந்தவன் மாதிரி எழுதினான்: இது சீமை லேத் இல்லை, உங்கள் ஊரிலேயே பார்த்துச் செய்த நகல், வெறும் தகடு ஒட்டி யாரோ தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று.

சேகர், உன்னைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். நூறு பேர் தெரியாது என்று சொல்கிற இடத்தில் ஒருவன் தெரியும் என்று சொன்னால், அவன் எதை வைத்துச் சொல்கிறான் என்று கேள். அவன் உன் லேத்தைத் தொட்டதில்லை. படத்தைத்தான் பார்த்தான், அதுவும் மாலை போட்ட படம். உன் அப்பா அதன் மேல் உட்கார்ந்து அம்பத்தூரிலிருந்து வந்தவர். உன் மகள் ஓவியாவும் நாளைக்குப் போனைப் பார்த்துக்கொண்டு உன்னிடம் வந்து, நீ சொன்னது தப்பு என்பாள். அன்றைக்கு உனக்குப் பதில் சொல்ல வாய் வரலாம், வராமலும் போகலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் ஷெட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்தேன். உன் அக்கா வீட்டுக்காரர் இருந்தார், டிராக்டர் வேலையாக வந்த இரண்டு பேர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள். நீ போனை உன் அப்பா முகத்துக்கு நேரே காட்டிக்கொண்டிருந்தாய்.

"உன்ன ஏமாத்திட்டானுங்க நைனா. சீமை லேத்தும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இங்கியே எவனோ வார்த்த மிஷினு. முப்பது வருசமா ஊரெல்லாம் சொல்லிக்கினு கீற."

"பிளேட்டு இருந்துச்சுடா. நான் படிச்சேன்."

"இன்னா படிச்ச? சொல்லு. பேரு இன்னா?"

அவர் வாயைத் திறந்தார். "அது... அது..." என்றார். கை காற்றில் எதையோ எழுதியது. டிராக்டர்காரர்களில் ஒருவர் சிரிக்கவில்லை, ஆனால் கீழே குனிந்துகொண்டார். அது சிரித்ததைவிட மோசம்.

"வா, வந்து நீயே பாரு. எங்க கீது பேரு? உன் மூஞ்சிதான் தெரியுது" என்று நீ அவர் கையைப் பிடித்துத் தகட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாய்.

அவர் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, தகட்டைப் பார்த்த கண்ணோடு அப்படியே என்னைப் பார்த்தார். புளியும் செங்கல் தூளும் அவர் ஞாபகத்துக்கு வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. என் கையில் டிபன் கேரியர். நான் அதைக் கீழே வைத்துவிட்டு, "டீ போட்டுக்கினு வரேன்" என்று வீட்டுக்குப் போய்விட்டேன். சாப்பாடு கொண்டுவந்தவள் எதற்கு டீ போடப் போகிறாள் என்று உங்கள் யாருக்கும் தோன்றவில்லை. நான் வாசல் தாண்டும்போது அவர் குரல் கேட்டது. "வுடுடா. ஏமாந்துதான் பூட்டேன் போல."

சேகர், உன் வீட்டில் ஏதாவது சண்டை நடக்கிறபோது யாராவது எழுந்து அடுப்படிக்குப் போனால், சண்டையை அங்கேயே நிறுத்திவிட்டு, ஏன் போகிறாய் என்று கேள். சொல்ல வேண்டியது அவளிடம்தான் இருக்கும். எனக்குத் தெரிந்து நான் உனக்குக் கொடுக்கக்கூடிய புத்தி இது ஒன்றுதான். மற்றதெல்லாம் நீ என்னைவிடப் படித்தவன்.

அன்று உன் அப்பா டீயைக் குடித்துவிட்டு, "சக்கர கம்மியா கீது" என்றார். அவ்வளவுதான். நீதானே தேய்த்தாய் என்று ஒரு வார்த்தை கேட்பார், கேட்டால் காலில் விழுந்துவிடலாம் என்று தினமும் காத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை. மறுநாளிலிருந்து ஷெட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டார். அந்த வருடம் ஆயுத பூஜைக்கு நான் தகட்டைத் தேய்க்கவில்லை. கறுத்துப்போய்க் கிடந்தது. "ஏன், மூக்குத்திய தொலைச்சுட்டியா?" என்று அவர்தான் கேட்டார், வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வராமல். அடுத்த ஆடியில் போய்விட்டார். காரியம் முடிந்து பதினைந்தாம் நாள் நீ விசாவுக்குக் கொடுத்தாய். பஸ் ஏறும்போது, "அவரு கொஞ்சம் பாத்து வாங்கியிருந்தா நான் ஏம்மா போவப்போறேன்?" என்றாய். வழிக்குப் புளிசாதம் கட்டிக் கொடுத்தேன்.

இனி புதன்கிழமைக்கு வருகிறேன். இரும்புக்கடை ஆட்கள் போன பிறகு ஷெட்டைக் கூட்டப் போனேன். வால்பக்கம் வெளிச்சத்தில் இருந்தது. பூஜைக்கு லேத்தின் தலையிலும் வாலிலும் பெரிய பொட்டு வைப்பது என் வழக்கம். நாலு விரல் சந்தில் கையை விட்டு, கண்ணால் பார்க்காமலே வைப்பேன். உன் அப்பா வருடா வருடம் பூஜைக்கு முன்னால் பெயின்ட் அடிப்பார்; சந்துக்குள் பழைய பொட்டைச் சுரண்ட முடியாது, அதன் மேலேயே அடிப்பார். பொட்டு, பெயின்ட், பொட்டு, பெயின்ட். அடை மாதிரி கனத்துப் போயிருந்தது. அந்தப் பெரியவர் எழுதினது ஞாபகத்துக்கு வந்தது. தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். பச்சை வந்தது, சிவப்பு வந்தது, மறுபடி பச்சை. காவ்யா ஷிப்ட் முடிந்து வந்தவள், "இன்னா ஆயா பண்ற, கையில துரு ஏறிடும்" என்று திட்டிக்கொண்டே பெயின்டைக் கரைக்கிற தின்னர் வாங்கிவந்து ஊற்றித் துடைத்தாள். போனில் விளக்கைப் போட்டுச் சாய்த்துப் பிடித்தாள். கீறல் பார்த்துப் பழகின கண் அல்லவா? "ஆயா, நம்பரு கீது. பஞ்ச் பண்ணி கீறாங்க" என்றாள்.

ஒரு எழுத்து, பிறகு ஐந்து எண். மூன்றாவது எண் ஒன்றா ஏழா என்று சரியாகத் தெரியவில்லை. எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம். தகட்டின் நடுவில் இருந்த அதே வட்டம். நான் ஆணையிட்டுச் சொல்வேன், தகட்டில் இருந்தது அதுதான். அந்த இடத்தில் நான் புளி வைத்ததில்லை, குங்குமம்தான் வைத்தேன். அதனால் பிழைத்தது.

உடனே தகட்டையும் கழற்றி, அதன் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பார்த்தேன். காசின் மேல் காகிதம் வைத்துத் தேய்த்தால் படம் வரும், ஐந்தாவதில் கற்ற வித்தை. காகிதம் முழுக்கக் கறுப்புதான் வந்தது. ஒரு ஓரத்தில் ஒரு எழுத்தின் கால் மாதிரி ஏதோ இருக்கிறது. காவ்யா அது கீறல் என்கிறாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

உன்னை நான் லேத்தை நிறுத்தி வைக்கச் சொல்லவில்லை. அது முடிந்தது. நகர்த்தினால் அது லேத்தே இல்லை என்று உன் அப்பா சொன்னார், நகர்த்தியாயிற்று. கியர் வெட்டுகிறவரும் கடையை மூடிவிட்டு மகன் வீட்டோடு மறைமலை நகர் போய்விட்டார். நீ திரும்பி வந்து ஷெட் நடத்தப் போவதில்லை, எனக்கு அந்த ஆசையும் இல்லை. செவ்வாய்க்கிழமை வெட்டட்டும். அந்த எண்ணை வைத்துப் பேரைக் கண்டுபிடிக்க முடியும் என்றும் நான் நம்பவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் பதில் எழுதிய அந்தப் பெரியவர் இப்போது இருக்கிறாரோ இல்லையோ. இருந்தாலும், ஒன்றா ஏழா என்று தெரியாத எண்ணுக்கு அவர் என்ன சொல்வார்? பதில் வந்து, அது சீமை லேத்தேதான் என்று தெரிந்தாலும், கேட்க வேண்டியவர் இல்லை.

ஆனாலும் உன் படம் அந்தக் குழுவில் இன்னும் அப்படியே இருக்கிறது, காவ்யா காட்டினாள். அதன் கீழே, யாரோ தலையில் கட்டிய நகல் என்று அவன் எழுதினதுதான் கடைசி வரியாக நிற்கிறது. உன் அப்பா துண்டோடு ஓரத்தில் நின்றுகொண்டு அதற்கு மேலே சிரித்துக்கொண்டிருக்கிறார். மூன்று வருடமாக அப்படியே நிற்கிறார். உன் பேரில் போட்டதால் உன்னால்தான் அதில் சேர்க்க முடியுமாம். அந்தப் பழைய படத்தை எடுத்துவிடாதே. அதன் கீழே ஒரு வரி எழுது: தகட்டில் பேர் இருந்தது, வாங்கினவர் படித்துப் பார்த்துத்தான் வாங்கினார், அதைத் தேய்த்து அழித்தது அவர் பெண்டாட்டி, அவளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று உனக்குத் தெரியும். பூசி மெழுகாதே, இப்படியே எழுது.

வால்பக்கத்தை காவ்யா படம் எடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறாள். பூ இல்லை, பொட்டு இல்லை. நாங்கள் நன்றாகத் துடைத்துவிட்டோம். செவ்வாய்க்கிழமைக்குள் அந்தப் புதுப் படத்தைப் போட்டுவிடு.

அம்மா